குவெண்டாவின் ஐந்து நோட்டீஸ்கள்

ஐவிக் கொடிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். பலர் பாசத்தில் வாளி வாளியாக ஊற்றி வேரை அழுகவைத்துவிடுகிறார்கள். உங்கள் கார் பார்க்கிங் கேமராவில் நான் பூவாளியோடு புதன்கிழமைகளில் மட்டும் பதிவாகியிருப்பதற்குக் காரணம் அதுதான். காரில் வராமல் நடந்து வந்தால், கார் நம்பரைப் படிக்கும் உங்கள் கேமரா என்னைக் கண்டுகொள்ளாது என்று நினைத்தது என் தப்புக்கணக்கு.

நீங்கள் கடிதத்தில் மரியாதையாகக் கேட்பதால் முழுவதும் சொல்லிவிடுகிறேன். ரெக்ஸம் ஊர் நூலகத்தில் வியாழன் காலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவனுக்கு, எதிரே வரிசையில் ஆள் நிற்காத வீடு ஒத்துக்கொள்ளவில்லை. உங்களைப் போன்ற தனியார் பார்க்கிங் கம்பெனிகளின் அபராத நோட்டீசோடு வருபவர்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பேன். பயந்துபோய் உடனே கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், 'நான் நிறுத்தினேன்' என்று எழுதாமல் யார் என்று சொல்லாமல் 'ஓட்டியவர்' என்று எழுதுங்கள். என் வித்தை இவ்வளவுதான்.

அப்படி என் மேசைக்கு வந்தவர்தான் குவெண்டா. அவருக்கு முதல் நோட்டீஸ் தானாக வந்தது. பியூட்டி பார்லரில் முடிக்குச் சாயம் காய்வதற்குள் உங்கள் இடத்தில் கார் நிறுத்துவதற்கான இரண்டு மணி நேர வரம்பு தாண்டிவிட்டது. உங்கள் பலகையை ஐவி பாதி மறைத்திருந்தது. அந்தப் படத்தை வைத்தே ஜெயித்தோம். மறுவாரம் அவர் தன் கையால் சுட்ட பழரொட்டியோடு வந்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சியப் பாக்கணும்போல இருக்கு, இட்வால். நீங்க மட்டும் இல்லேன்னா பயத்துல கட்டித் தொலைச்சிருப்பேன்" என்றார்.

அதற்கடுத்த வியாழன் அவர் வரவில்லை. வருவதற்குக் காரணம் இல்லை. எனக்கு அந்த நாள் முழுக்கக் கசந்தது. போதாததற்கு, நீங்கள் ஐவியை அடியோடு வெட்டிவிட்டீர்கள். மிஞ்சிய கட்டைக்குத் தக்காளிச் செடிக்குப் போடும் உரம் கரைத்து ஊற்றினேன். அடுத்த கோடையில் பலகை மறுபடி மறைந்தது.

ஆனால் கொடி வழக்கை ஜெயிக்கத்தான் உதவும். நோட்டீசை வரவழைக்காது. அதனால் குவெண்டா பார்லருக்குள் இருக்கும்போது அவர் கார் டயரில் கொஞ்சம் காற்று குறைந்தது. காற்று யாருடைய சொத்தும் அல்ல. மெக்கானிக் வண்டி வந்து சேர்வதற்குள் வரம்பு தாண்டிவிடும். நோட்டீஸ் வரும். குவெண்டா வருவார். ரொட்டியும் வரும்.

இப்படி நான்கு முறை. ஒவ்வொன்றையும் ஜெயித்துக் கொடுத்தேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

போன வியாழன் அவர் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "ராசி கெட்ட கார வித்துட்டேன், இட்வால். இனிமே பஸ்ஸுதான். பஸ்ல போறவளுக்கு எவன் நோட்டீஸ் அனுப்புவான்?" என்றார்.

பிறகு கைப்பையை இரண்டு முறை திறந்து மூடினார். "நோட்டீஸ் இல்லாம, சும்மா வந்து உக்காந்து பேசிட்டுப் போலாமா?"

மேசைமேல் இருந்த அட்டையைக் காட்டினேன். 'நோட்டீஸ் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று நானே எழுதி வைத்தது. ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டிவரும்.

"அட, நல்ல மனுஷன்யா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே 'காற்றை இறக்கியவர்' என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. நான்கு முறையும் நான்தான். அவரைப் பார்ப்பதற்கு வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

இனி உங்கள் இடத்துக்கு வரமாட்டேன். கொடியிலிருந்து ஒரு கிளையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். குவெண்டா வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில், பஸ் நேரம் எழுதிய பலகைக்குக் கீழே மண் நன்றாக இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் ஒருவரை என் காரில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை.