இருபத்தேழு டிகிரி

ஐயையோ தம்பி, அந்தக் கண்ணாடிப் பெட்டிய மட்டும் நகத்தாதீங்க. பிளக்கு அதுக்குப் பின்னாடிதான் இருக்கு, தெரியுது. சந்துல கைய விட்டுப் புடுங்குங்க. எலக்ட்ரீஷியன் நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? பெட்டி இம்மி அசையக் கூடாது.

மீனா? தண்ணி இல்லாம மீன் எங்க இருக்கும்? நண்டு. திங்கிற நண்டு இல்ல, சங்குக்குள்ள குடியிருந்துக்கிட்டு அதையும் தூக்கிக்கிட்டுத் திரியுமே, அது. எம் பொண்ணு வளக்குறது. மண்ணுக்கடியில போய்ச் சட்டை உரிக்கும். பாம்பு உரிச்சுப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். இந்த மகாராசா மாசக்கணக்குல உள்ள படுத்துக்கிட்டு, உரிச்ச சட்டையையும் தின்னு தீத்துட்டுத்தான் வெளிய வருவாரு. அதுவரைக்கும் நாம மூச்சு விடக் கூடாது.

சிரிக்கிறீங்க. படுற எனக்குல்ல தெரியும். சுவத்துல ஒட்டியிருக்கு பாருங்க, அவ எழுதிக் குடுத்த சட்டதிட்டம். மொத்தம் இருபத்தோரு விதி. குழாத் தண்ணி அப்படியே ஊத்தக் கூடாது, அதுக்கு ஒரு மருந்து. ஒரு கிண்ணத்துல நல்ல தண்ணி, ஒரு கிண்ணத்துல உப்புத் தண்ணி. நாம திங்கிற உப்பு அவருக்கு ஆகாதாம், அதுக்குத் தனிப் பொட்டலம். மண்ணப் புடிச்சா புடியில நிக்கணும், பிழிஞ்சா சொட்டக் கூடாது. சூடு இருபத்தேழு டிகிரி. அதுக்குத்தான் பக்கத்துல அந்தச் சூடேத்துற தகடு. அதுதான் காலைல புகைஞ்சு, வீட்டு ஃப்யூசையும் தூக்கிட்டுப் போச்சு. பெட்டிக்குள்ள சூடு காட்டுற முள்ளு இப்ப இருபத்துமூணுல நிக்குது. ஆறு மணிக்குள்ள ஏத்திக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஏன் ஆறுன்னா, அவ போன் பண்ற நேரம். எத்தனை டிகிரிப்பான்னு கேப்பா.

நானா? எடைமேடைல இருந்தேன், லாரிய ஏத்தி எடை போடுவாங்களே, அங்க. முப்பத்தோரு வருஷம். எத்தனை டிரைவரு கெஞ்சியிருப்பான், மெரட்டியிருப்பான். முள்ளு காட்டுறத விட்டு ஒரு கிலோ மாத்தி எழுதினதில்ல. வீட்டுலயும் அதே பிடிவாதம்தான். எம் பொண்ணு ஒருத்தனப் புடிச்சிருக்குன்னு வந்து நின்னா. கூடாதுன்னேன். பதிவு ஆபீசுல கையெழுத்துப் போடப்போறேன், வாங்கப்பான்னா. போகல. அவ அம்மா இருந்திருந்தா என்னக் கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிருப்பா. அவதான் அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாளே. மூணு வருஷம் தம்பி, பேச்சுவார்த்தையே இல்ல.

அப்புறம் ஒரு நாள் கதவத் தட்டுறா. கைல இந்தப் பெட்டி. புருஷனுக்கும் அவளுக்கும் வெளிநாட்டுல எட்டு மாசம் வேலையாம், நண்டக் கூடக் கூட்டிட்டுப் போக முடியாதாம். எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. மேசை மேல வெச்சா, தாள ஒட்டினா, போயிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னைக்கே இத வாசல்ல வீசியிருப்பேன்.

ஆனா ஆறு மணிக்குப் போன் வந்துச்சு. நண்டு எப்படி இருக்குன்னு. மறுநாளும் வந்துச்சு. எல்லாம் நண்டப் பத்தித்தான், ஒரு நிமிஷம், வெச்சுடுவா. அது மண்ணுக்குள்ள போன அன்னைக்கு நான் பதறிட்டேன். பயப்படாதீங்க, அது சட்டை உரிக்கும்னு விளக்கிச் சொன்னா. பதினஞ்சு நிமிஷம் பேசினா. அன்னைலேர்ந்து கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டேன் தம்பி, பெத்த புள்ளையக்கூட அப்படிப் பாத்ததில்ல.

என்னது? அந்தத் தகட்டோட வொயரு மண்ணுக்குள்ள போகுதா? தோண்டித்தான் எடுக்கணுமா?

ம். தோண்டுங்க.

பரவால்ல, கைய விடுங்க. அதுல ஒண்ணும் இல்ல.

அந்த ஏழாவது விதியப் படிங்க. ஆமா. எத்தனை நாள் ஆனாலும் தோண்டாதீங்க. கீழ மூணு கோடு போட்டிருக்கா, அவ அப்பன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சு. நண்டு மண்ணுக்குள்ள போய் முப்பத்திரண்டாம் நாள் ஒரு நாத்தம் அடிச்சுது. செத்துப் போனா மீன் அழுகின நாத்தம் வரும்னு சொல்லியிருந்தா. ரெண்டு நாள் மோந்து மோந்து பாத்தேன், இருப்புக் கொள்ளல. ஸ்பூனால தோண்டிட்டேன். வெள்ளையா, மெத்துன்னு, உசிரோடதான் இருந்துச்சு. ஒரு காலு லேசா அசைஞ்சுது. தொட்டாலே தாங்காத நேரம் அது. பழையபடி மூடி வெச்சேன். மறுநாள் காலைல மறுபடி தோண்டிப் பாத்தா அசைவே இல்ல. நாத்தம் சமையக்கட்டுச் சாக்கடைலேர்ந்து வந்திருக்கு, தெரியுமா? என்னச் செருப்பால அடிக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம் சொல்லிடணும்னுதான் போன எடுத்தேன். சத்தியமா. எடுத்த உடனே, சாப்பிட்டீங்களாப்பான்னா. நண்டக் கேக்கல, என்னக் கேட்டா. மூணு வருஷத்துல மொத தடவ. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?

பூந்தொட்டில பொதச்சு இருபது நாளாச்சு. இன்னும் மண்ணுக்குள்ளதாம்மான்னு தெனம் சொல்றேன். அத எப்படியோ சொல்லிடுறேன். டிகிரி கேட்டா மட்டும், முள்ளப் பாக்காம ஒரு நம்பர் சொல்ல நாக்கு வரமாட்டேங்குது.

அடுத்த மாசம் வர்றா. வரட்டும். போன்ல சொன்னா வெச்சுடுவா. நேர்ல வந்தா, திட்டுறதுக்காவது கொஞ்ச நேரம் என் முன்னாடி நிக்கணும்ல.

அந்தத் திருகாணிய நல்லா இறுக்குங்க தம்பி, மணி அஞ்சே கால் ஆச்சு.