இல்லை என்று வந்த சீட்டு

தலைமை ஏற்றுத் தகைமை சேர்க்கும் சவுளிக்கடை அயூப் ராவுத்தர் அவர்களே! குளிரையும் பொருட்படுத்தாமல் குழுமியிருக்கும் பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கீழ்க்கோத்தகிரித் தோட்டத்துக் கம்பவுண்டர் குமாரசாமி உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

போன கோடையில் நம் ராக்கம்மாவை ஒரு நாய் கன்னத்தில் கடித்தது. நம் வழக்கம் என்ன? வெறிநாய் என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த நொடியே மண்டையில் அடித்துக் கொல்வது! கொன்றோம். தலையை வெட்டித் தகரப்பெட்டியில் அடைத்துக் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அங்கே மூளையை நுண்ணோக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். சீட்டு வந்தது: 'நோயின் அடையாளம் காணப்படவில்லை.'

காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்க, அதை உரக்கப் படித்தவன் நான். தோட்டத் துரைக்கு மகிழ்ச்சி, வெறிநாய்க்கடி ஊசிக்காகப் பதினான்கு நாள் லீவு கொடுக்க வேண்டியதில்லை. ராக்கம்மா என்னைத்தான் கேட்டாள்: "ஏனுங்க, அப்ப நான் கொழுந்தெடுக்கப் போலாமுங்களா?"

போ தாயி, பயமில்லை என்றேன். சொன்னேனே! இந்த வாய்தானே சொன்னது! கடிபட்ட முப்பத்தோராம் நாள் அவளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் நீட்டினேன். டம்ளரைக் கண்டதுமே தொண்டை இழுத்துக்கொண்டது. மறுநாள் இறந்தாள். அன்று ஏறிய பாரம் இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அங்கே ஒருவர் கேட்கிறார், ஆய்வுக்கூடம் பொய் சொன்னதா என்று. இல்லை ஐயா! நானும் பதறியடித்து ஓடி அதைத்தான் கேட்டேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோய் முற்றிய மூளையில்தான் அந்த அடையாளம் தெளிவாகத் தெரியுமாம். கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டிய நாயை அன்றே கொன்றால் தெரியாமல் போகலாம். அடிபட்டுச் சிதைந்த மூளையிலும் தெரியாமல் போகலாம். இருக்கிறது என்று சீட்டு சொன்னால் நம்பலாம். காணவில்லை என்றால் ஊசியை நிறுத்தக் கூடாது!

இதை ஏன் இன்று சொல்கிறேன்? இதோ, முன்வரிசையில் கையில் கட்டோடு அமர்ந்திருக்கிறாள் பாலாமணி. நான்கு நாள் முன்பு நாய் கடித்தது. அதே அவசரம், அதே தடி! இன்று காலை சீட்டு வந்தது. அதே வரி, ஐயா, அதே வரி! நாளைப் பெரட்டில் படிக்கும்படி துரையின் உத்தரவு. படிக்க மாட்டேன்! வேலை போகுமா? போகட்டும்! பாலாமணி, காலை முதல் பஸ்ஸில் குன்னூருக்கு உன்னை நானே அழைத்துப் போகிறேன்.

என்ன தாயி கேட்கிறாய்? "எம்பட நிரையை யாரு எடுப்பாங்க?" என்கிறாள். கேட்டீர்களா சபையோரே! உயிர் ஊசலாடும்போதும், தான் கொழுந்தெடுக்கும் செடிவரிசையாம் அந்த நிரையைப் பற்றிய கவலை!

அதோ, கூடக் கொழுந்தெடுக்கும் சாந்தாமணி கை தூக்குகிறார். பக்கத்தில் இன்னொரு கை. பின்னால் பத்துக் கைகள்! பாலாமணியின் நிரையைப் பதினான்கு நாளும் எடுக்கப்போகும் அந்தக் கைகளுக்கே என் நன்றி. அவற்றுக்கே என் வணக்கம்.