மேல்வீட்டு வயலினும் கீழ்வீட்டு நாவலும்

— ...சத்தியமாச் சொல்லுறன் தங்கச்சி. இந்தக் கதவு நிலையிலை கை வைச்சுச் சொல்லுறன். இனி நான் சொல்லப்போறதிலை ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுபத்தெட்டு வயதாச்சு. இனிமேல் பொய் பழகி நான் எப்ப கெட்டிக்காரனாகிறது?

— சத்தியம் ஒண்டும் வேண்டாம், லோறன்ஸ் அண்ணை. நான் சண்டைக்கு வரேல்லை. மூண்டு மாசமா மேல்வீட்டிலை வயலின் பழகிற சுகிர்தம் நான். நீங்கள் கீழையிருந்து வீடு கூட்டுற தும்புத்தடியாலை சீலிங்கிலை இடிக்கிறனீங்கள். இனி இடிக்கத் தேவையில்லை எண்டு சொல்லத்தான் கதவைத் தட்டினனான்.

— கையிலை இருக்கிறது வயலின் பெட்டியோ?

— ஓம். பொபினியிலை இருக்கிற வயலின் மாஸ்ரரிட்டைத் திருப்பிக் குடுக்கப்போறன்.

— கொலை!

— என்ன?

— கொலை, தங்கச்சி. நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறன். அது உங்கடை வயலினிலைதான் மூச்சு விடுது. இடிச்சதெண்டு நினைச்சியளே... அது தாளம்!

— தாளமோ? தும்புத்தடியாலையோ?

— கச்சேரிக்குப் போனா எல்லாரும் தொடையிலை போடுவினம். எனக்குத் தொடையிலை வாதம். அதாலை சீலிங்கிலை.

— அண்ணை, இந்த ஊரிலை சீலிங்கிலை தட்டினா வாயை மூடு எண்டு அர்த்தம்.

— அது பிரெஞ்சுத் தட்டு. இது ஆதி தாளம்.

— ஆதி தாளத்துக்கு எட்டெல்லோ? நான் கேட்டது படபடவெண்டு ஒரு இருபது...

— அது எழுத்து வேகமா வந்த நாள். உள்ளை வாங்கோ. அந்தப் பெட்டியிலை இருங்கோ. அதிலை இல்லை, மற்றதிலை.

— ஏன் வீடு முழுக்கப் பெட்டி?

— நாவல்.

— எல்லாமோ? இதுக்குள்ளை சட்டி பானையெல்லோ தெரியுது?

— அது கல்யாணவீட்டு அத்தியாயம்.

— சிரிக்க வைக்காதேங்கோ, நான் கவலையோடை வந்தனான்... அது சரி, லோறன்ஸ் எண்டு தபால்பெட்டியிலை பேர் கிடக்கு. நெத்தியிலை திருநீறு?

— ரெண்டாம் அத்தியாயத்திலை கதாநாயகன் பிள்ளையார் கோயிலுக்குப் போறான். தனியப் போகமாட்டன் எண்டிட்டான்.

— ஐயோ கடவுளே...

— அதைத்தான் அங்கை அவனும் சொன்னவன்.

— எண்டாலும் அண்ணை, நான் வாசிக்கிறது ஒரு இசையோ? ரெண்டு மாசம் வெறும் சரளி வரிசை. ஸ ரி க ம ப த நி ஸ. ஏறுறது. இறங்குறது.

— நீங்கள் ஏறி இறங்க, அவனும் படி ஏறி இறங்கினான். லிஃப்ற் உடைஞ்ச கட்டடம். மேலை யசோதினி, அவன்ரை காதலி. போய்க் கதவைத் தட்டப் பாப்பான்... நீங்கள் இறங்கத் தொடங்கிடுவியள். அவனும் இறங்க வேண்டியதுதான். அறுபது பக்கம், தங்கச்சி! முழங்கால் தேஞ்சுபோச்சு அவனுக்கு.

— ஹாஹா... பாவம்! பிறகு நான் ஜண்டை வரிசைக்கு வந்திட்டனே. எல்லாம் ரெண்டு ரெண்டா. ஸஸ, ரிரி, கக...

— ஏன் கேக்கிறியள்! அண்டைக்கு அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. ரெண்டு மாமன், ரெண்டு மாமி, ரெண்டு புரோக்கர். யசோதினியும் ரெண்டாப் போயிடுவாளோ எண்டு பயந்து நான் பேனையை மூடி வைச்சிட்டன்.

— சுருதி சேர்க்கவே எனக்கு அரை மணித்தியாலம் செல்லும். அப்ப என்ன செய்வான்?

— குடையை விரிப்பான். மடக்குவான். விரிப்பான். பக்கத்திலை நிண்டவை மழையோ வெயிலோ தெரியாமல் வீட்டை போட்டினம்.

— அபஸ்வரம் விழுந்தா?

— அங்கைதான் கரைச்சல். ஒவ்வொரு அபஸ்வரத்துக்கும் ஒரு பிரெஞ்சுக்காரன் கதைக்குள்ளை வந்திடுவான். கேட்டுக் கேள்வி இல்லை. கழுத்திலை சால்வையோடை வந்து நிப்பான்.

— அப்ப ஒரு நாப்பது பேராவது...

— நாப்பதோ! ஒரு சங்கமே வைச்சிட்டாங்கள். நாலாம் அத்தியாயத்திலை ஸ்ட்ரைக். மெத்ரோ ரயில் ஓடேல்லை. கதாநாயகன் லா ஷப்பலிலையிருந்து பொண்டி வரைக்கும் ரெண்டு மணித்தியாலம் நடந்து போனவன்.

— அந்த முழங்காலோடையோ!

— அந்த முழங்காலோடைதான்.

— போதும், போதும்... வயிறு நோகுது. மூண்டு மாசத்திலை இப்பிடிச் சிரிக்கேல்லை, அண்ணை. வீட்டிலை மகள் ஜெசிகா நான் வயலின் பெட்டியைத் திறக்க முன்னமே 'மம்மோ, சா சுஃபி!' எண்டு கத்துவாள். போதுமாம்.

— திறக்க முன்னமோ?

— ஓம். கீழை நீங்கள் இடிக்க, பக்கத்திலை அவள் கத்த... நான் என்ன கேட்டன்? ரெண்டு பிள்ளையளையும் நடனத்துக்கு, மிருதங்கத்துக்கு எண்டு ட்ராமிலை ஏத்தி இறக்கினன். பதினாறு வருசம் வகுப்பு வாசல்லை குளிருக்குள்ளை நிண்டு கேட்டன். உள்ளை போய் இருந்து படிக்க வேணும் எண்ட ஆசை எனக்கும் இருந்ததுதான். அறுபத்தொரு வயதிலை தொடங்கினன். இனி... வேண்டாம். சனத்துக்கு இடைஞ்சல்.

— நேற்றுப் பின்னேரம் என்ன வாசிச்சனீங்கள்?

— கீதம். முதல் முதலா ஒரு பாட்டு எண்டு சொல்லக்கூடியது. ஏன்?

— ஒரு இடத்திலை வில்லு நடுங்கிச்சுது. பிறகு நேராகிச்சுது. நேராகி ஒரு நாலு சுரம்... நான் அதிலை, இந்தப் பெட்டியிலைதான் இருந்தனான். தேத்தண்ணி ஆறிப் போச்சு, தங்கச்சி. பிறகு திடீரெண்டு நிப்பாட்டிட்டியள். ஏன்?

— நீங்கள் தட்டேல்லை.

— தட்டாததுக்கோ?

— வழமையா ரெண்டாம் வரியிலை இடி விழும். நேற்று வரும், வரும் எண்டு பாத்தன். வரேல்லை. இடிச்சுக் களைச்சு மனுசன் போலீசுக்குப் போட்டுது எண்டு நினைச்சன். கை ஓடேல்லை.

— நேற்று நான் தடியில்லாமல் கேட்டனான். ஆனா நீங்கள் நிப்பாட்டினதாலை வந்த வினையைக் கேளுங்கோ. யசோதினி ஸ்டாலின்கிராட் மெத்ரோவிலை நிக்கிறாள். ஒரு கால் ரயில் பெட்டிக்குள்ளை. ஒரு கால் வெளியிலை.

— ஐயோ! கதவு?

— மூடப் பாக்குது, ஏலேல்லை. கீ... எண்டு கத்துது. நேற்றையிலையிருந்து லைன் ரெண்டு முழுக்க நிக்குது. உள்ளை அவன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான். சங்கத்துப் பிரெஞ்சுக்காரரெல்லாம் மணிக்கூட்டைப் பாக்கினம்.

— ஏறுவாளோ?

— எனக்கெப்பிடித் தெரியும்? கீதத்தின்ரை மிச்சம் உங்களிட்டையெல்லோ கிடக்குது. நீங்கள் அதைப் பொபினியிலை குடுத்திட்டு வந்தியளெண்டா அவள் அப்பிடியே ஒரு காலிலை...

— பொறுங்கோ. பொறுங்கோ அண்ணை, ஒரு போன்... ஹலோ மாஸ்ரர்? ஓம், சுகிர்தம். நான் இண்டைக்கு வரேல்லை... இல்லை, திருப்பித் தரேல்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வாறன்... கீதத்தின்ரை மிச்சத்தைப் படிக்க வேணும்... ஏனோ? மெத்ரோ நிக்குது மாஸ்ரர்!... ஓம், ஓம், சுகமாத்தான் இருக்கிறன்.

— என்னவாம்?

— காய்ச்சலோ எண்டு கேக்கிறார். அண்ணை, நானும் ஒரு உண்மை சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது.

— சொல்லுங்கோ.

— நீங்கள் இடிக்கிற நாளிலை நான் வேணுமெண்டு பலத்து வாசிச்சனான். கட்டிலை விட்டிறங்கி, சரியா உங்கடை தலைக்கு மேலை கதிரையைப் போட்டு இருந்து... மூண்டு நாள் காலாலையும் இடிச்சனான்.

— அது உங்கடை காலோ! அந்த மூண்டு நாளும் கதையிலை பூமி நடுங்கினது.

— ஹாஹா... சரி, நான் மேலை போறன். முழுக்க வாசிக்கிறன். யசோதினியை ஏத்துறன். நீங்கள் தும்புத்தடியை எடுத்து வையுங்கோ. எங்கை அது? காணேல்லை?

— வாங்க வேணும்.

— இடிச்சு முறிச்சிட்டியள், என்ன? நல்லா வேணும்... ஆ, அண்ணை! புத்தகம் வரேக்கை அட்டையிலை என்ன பேர் போடுவியள்? லோறன்ஸ் எண்டு மட்டுமோ?

— மகாலிங்கம் எண்டு.

— மகாலிங்கமோ? ஓ, புனைபெயர்!

— இல்லைத் தங்கச்சி, சொந்தப் பேர். லோறன்ஸ் முந்தநாள் ராவே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். நான் நேற்று மத்தியானம்தான் இந்த வீட்டுக்குக் குடி வந்தனான்.