விசில் வராத குக்கர்

இல்லீங்க, கேஸ்கட்ட மட்டும் மாத்திட்டு விட்றாதீங்க, மொத்தமாப் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு இப்ப எதக் குடுத்தாலும் குழைய வேக வெச்சுத்தான் குடுக்கணும். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல ரூம் எடுத்து ஆக்கறேன். ஆறிப்போனா கொட்டிடணும், சுட வெச்சும் தரக்கூடாதாம்.

ரத்தக் கேன்சர்ங்க. நீங்க பதறாதீங்க, நான் பதறி முடிச்சாச்சு. மருந்து ஏத்தினதுல நோயோட சேர்ந்து வெள்ளை அணுவும் துடைச்சாப்ல போயிடுச்சு. முன்னாடியே எடுத்து வெச்ச அவரோட எலும்பு மஜ்ஜையத் திருப்பி ஏத்தினாங்க. அது உள்ள போய்ப் புடிச்சுக்கிட்டா அணு தானா ஏறும்னாங்க. எங்க ஏறுது? அதுக்குன்னு ஊசி வேற. எலும்பெல்லாம் குடையுதுன்னு பல்லக் கடிச்சுட்டுப் படுத்திருக்கார். காலைல ரத்தம் எடுத்துட்டுப் போற பொண்ணு, திரும்ப வரும்போது என் மூஞ்சியப் பார்க்காமப் போனா அன்னிக்கும் ஏறலன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பார்த்து எத்தன நாளாச்சோ.

ஆமாங்க, அவருக்குத் தனி ரூம். கை கழுவிக் கழுவி, இங்க பாருங்க, தோலே உரிஞ்சுடுச்சு. யாராவது தும்மினாக்கூட அவர் தாங்க மாட்டாராம். உப்பு கொறஞ்சா ஊரக் கூட்டற மனுஷன், இப்ப எதக் குடுத்தாலும் பேசாம வாயத் தொறக்கறார். அதப் பார்த்தாத்தாங்க எனக்குப் பயமே.

என் மஜ்ஜைய எடுத்துக்கோங்கன்னு டாக்டர் கால்ல விழாத கொறை. சேரலன்னுட்டார். புள்ள குட்டியும் இல்ல. கூடப் பொறந்தவங்க இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, அதுதான் வழின்னார்.

ஒரே ஒரு தம்பி. அண்ணன் நடுத்தெருவுல தன்மேல கை நீட்டிட்டார்னு, எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே வீட்ட விட்டுப் போனவர். நான் பார்த்ததே இல்ல. இவரும் லேசுப்பட்ட ஆளில்ல, அந்தப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவார்.

ஏங்க, ஸ்க்ரூ டிரைவரக் கீழ வெச்சுட்டீங்க? சரி, கழட்ட வேண்டாம். குக்கர் நல்லாத்தான் இருக்கு. நீங்க இங்க கடை வெச்சிருக்கீங்கன்னு ஊர்ல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெறுங்கையோட வந்து யாருன்னு சொன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு தூக்கிட்டு வந்தேன். உங்க முகத்தப் பார்த்ததும் அப்படியே அவரப் பார்த்த மாதிரி இருந்துச்சா, கேக்க வந்தத விட்டுட்டு குக்கரப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டேன்.

அவர் அனுப்பலங்க. நான் இங்க வந்தது தெரிஞ்சா திட்டித் தீர்த்துடுவார். திட்டட்டும். திட்டறதுக்கு மனுஷன் இருக்கணும்ல, தம்பி.