மெத்தைக் கடை மாடியிலிருந்து

எனக்குப் பஞ்சு ஆகாது. தலையணையைத் தட்டினாலே தும்மல் வந்துவிடும். அப்படிப்பட்டவனை மெத்தைக் கடை மாடியில் அடைத்துவைத்தால் எப்படி இருந்திருக்கும்? அக்காவைப் பற்றிப் புத்தகம் எழுதும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அந்நிய ஆட்சிக்கு எதிரான எங்கள் ரகசிய வானொலி அங்கிருந்துதான் பேசியது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னலிலும் சுவரிலும் மெத்தையைச் சாத்தியிருந்தோம். விசிறி ஓடினால் மைக்கில் கேட்கும், அதுவும் கிடையாது. கருவியைச் செய்தது நான், பேசியது அக்கா. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு அவள் குரலைக் கேட்டது. நான் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மலை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா நல்லவள். சோற்றை முதலில் எனக்குத்தான் போடுவாள். எனக்குப் பேசிவைத்திருந்த பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கடைக்காரர் வந்து சொன்னபோது, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னால முடியலக்கா. நான் போறேன்."

"எங்கடா போவே? போலீஸ் புடிச்சு ரெண்டு அடி போட்டா எங்க எல்லாரையும் சொல்லிடுவே. சுதந்திரம் வரட்டும், சேர்ந்தே போலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அந்த அறை பிடிபட்டால், நான் அதற்குள் இருக்க வேண்டியதில்லை.

ஒலிபரப்பு எங்கிருந்து வருகிறதென்று மோப்பம் பிடிக்கும் வண்டி ஒன்று போலீஸிடம் இருந்தது. அது நெருங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். நேரம் பார்த்து அவள் தோளைத் தொடுவது என் வேலை.

"வண்டி நம்ம பக்கம்தான் சுத்துது, சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று கடைக்காரர் அன்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. தோளையும் தொடவில்லை. படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு முறை படி என்று சைகை காட்டினேன். தலையசைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏரியலைப் பார்க்கப் போவதுபோல் மொட்டை மாடிக்கு ஏறினேன். தெருமுனையில் வண்டி திரும்பியது. நல்ல காற்று. பக்கத்து மாடிக்குத் தாண்டினேன்.

கடைக்காரரைத் தூக்கில் போட்டார்கள். அக்கா அடி தாங்காமல் போலீஸ் ஸ்டேஷனிலேயே போய்விட்டாள். இப்போது அவள் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. விழாவென்றால் என்னைத்தான் முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள்.

யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டீர்கள். யாருமில்லை. அவள் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள், பிடிபட்டாள். போலீஸிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடப்பிறந்தவளை யாராவது காட்டிக்கொடுப்பார்களா?