மிச்சப்பாறை

அன்றைக்குப் பாறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அகூபா. அவள் தங்கை அபீபா. அபீபாவின் கைக்குழந்தை. அபீபாவின் கணவன் குவாமினா. யெம்பே கிழவர். வேறு தோட்டத்திலிருந்து ஓடிவந்து வழியில் சேர்ந்துகொண்ட அண்ணன் தம்பி இருவர். அவர்கள் பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை, நானாக வைக்கவும் மாட்டேன். ஆக ஏழு பேர். எட்டு என்பவர்களும் உண்டு. அவர்கள் யெம்பேயின் முதுகில் தொங்கிய மேளத்தையும் ஓர் ஆளாகச் சேர்ப்பவர்கள்.

சுரிநாம் காட்டுக்குள் நம் ஊர் என்று ஒன்று இல்லாத காலம் அது. கடலோரத்துக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் தப்பி, ஆற்றோடு மேலே மேலே வந்த காலம்.

அகூபாவின் தலையில் ஒரு குடுக்கை. குடுக்கைக்குள் விதைநெல். வழியெல்லாம் காட்டுக்கிழங்கும் பனங்காயும் தின்றார்களாம். குடுக்கையை மட்டும் அவள் திறக்கவில்லையாம்.

"ஒரு பிடி, அக்கா. ஒரே ஒரு பிடி" என்று குவாமினா கெஞ்சினானாம்.

"இப்போ நீ தின்னா, அடுத்த வருஷம் உன் பிள்ளை எதைத் தின்னும்?" என்றாளாம்.

அருவிக்குக் கீழே இந்தப் பாறை வரை வந்துவிட்டார்கள். மழைக்காலம். ஆறு பெருகி ஓடியது, கடக்க முடியாது. மரமேறிப் பார்த்த தம்பிக்காரன் சறுக்கிக்கொண்டு இறங்கினானாம்.

"கீழே மூணு படகு வருது. சிப்பாய்ங்க. நாளைக்கு மதியம் இங்கே இருப்பாங்க."

எல்லோரும் அகூபாவைப் பார்த்தார்கள். அகூபா திருவோட்டு மரத்தைப் பார்த்தாள். முன்பு அங்கே குடியிருந்த பூர்வகுடிகள் நட்டுவிட்டுப் போன மரம். அதில் முப்பத்தொரு காய்.

"காயைப் பறிச்சுக் கிண்ணமாப் பிளங்க. நெல்லைக் குத்துங்க" என்றாளாம்.

"விதைநெல்லையா?"

"விதைநெல்லைத்தான்."

"புகை தெரியுமே, அக்கா!"

"தெரியட்டும். அறுபது பேருக்கு உலை வைச்சா புகை தெரியாமலா இருக்கும்?"

அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியதாம். சிப்பாய்கள் ஏழு பேரைப் பிடிக்க வருகிறார்கள். அறுபது பேர் என்று கண்டால் மேலே வருவார்களா?

காய்களைப் பிளந்தார்கள். பிளக்கும்போது ஒரு பாதி உடைந்தது. கிண்ணம் அறுபத்தொன்று. புதிதாகத் தெரியாமலிருக்கச் சாம்பலைத் தேய்த்தார்கள்.

பாறைக்குழியில் நெல்லைக் கொட்டி யெம்பே கிழவர் கட்டையால் குத்தினார். அவருக்குக் கை நடுக்கம். நெல் நாலா பக்கமும் துள்ளியது.

"பெரியவரே, குத்துறீங்களா, விதைக்கிறீங்களா?" என்றாளாம் அகூபா.

"என் கைக்கு வயசாச்சு மகளே. உன் வாய்க்குத்தான் ஆகலே."

அந்த நிலையிலும் சிரித்தார்களாம்.

சோறு வெந்தது. வாசம் எழுந்தது. குவாமினா ஒரு கிண்ணத்துச் சோற்றை அள்ளித் தின்று, விரலால் வழித்துத் துடைத்துக் காட்டினானாம். "பாருங்க அக்கா, தின்ன கிண்ணம் மாதிரியே இருக்கு."

அகூபா அவன் கையைத் தட்டிவிட்டாளாம். "பசிச்சவன்தான் வழிப்பான். வயிறு நிறைஞ்சவன் மிச்சம் வைப்பான். மிச்சத்தைப் பார்த்தாத்தான், இவங்களுக்கு மேலே வயல் இருக்கு, ஊர் இருக்கு, துப்பாக்கி இருக்குன்னு நினைப்பாங்க."

அந்தக் கிண்ணத்தில் மறுபடி சோறு வைத்தாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வாய் தின்னவிட்டாள். ஒரு வாய் மிச்சம் வைக்கச் சொன்னாள். குடுக்கை காலி.

மறுநாள் மேட்டுக் காட்டில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். குழந்தையின் வாயில் முலையை வைத்து அபீபா அழுத்திக்கொண்டாள். படகுகள் வந்தன. சிப்பாய்களின் தலைவன் இறங்கி, பிரம்பால் தொட்டுத் தொட்டுக் கிண்ணங்களை எண்ணினான். வெள்ளைக்காரர் பேச்சு யெம்பேக்குத் தெரியும். "ஓடிப்போனவர்கள் சோற்றை மிச்சமா வைப்பார்கள்?" என்று அவன் கேட்டது கிழவருக்குக் கேட்டதாம். சிப்பாய்கள் புழுத்த ரொட்டி தின்று வந்தவர்கள். குந்தி உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாக வழித்துக்கொண்டிருந்தார்களாம்.

தின்று முடித்தார்கள். படகைத் திருப்பினார்கள்.

அகூபா இறங்கிவந்து குடுக்கையைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. அழுதாள் என்கிறார்கள். அழவில்லை என்றும் சொல்கிறார்கள். கட்டையை எடுக்கக் குழிப்பக்கம் போன யெம்பேதான் கூப்பிட்டாராம்.

"மகளே, இங்கே வா. நான் விதைச்சதை வந்து பாரு."

துள்ளிய நெல் பாறை இடுக்குகளில் கிடந்தது. சிப்பாய்களின் கால் அதன் மேலேயே நடந்திருக்கிறது. எல்லோரும் முட்டி போட்டுப் பொறுக்கினார்கள்.

அதனால் இது மிச்சப்பாறை. அதனால் நம் ஊரில் விருந்துக்கு வந்தவர் கிண்ணத்தில் ஒரு வாய் விட்டு எழுந்திருப்பார். வழித்துத் தின்றால், "சிப்பாயே, மெதுவா!" என்று கேலி செய்வோம்.

என் காதில் விழுந்தது இவ்வளவு. இந்தக் கரையில் நாம் தின்கிற சோறெல்லாம் அன்றைக்கு அகூபா எண்ணி எண்ணிக் குடுக்கையில் போட்ட நெல்லிலிருந்து வந்தது. நூற்றுப் பதினேழு.