கூட்டம் ஆகாத உடம்பு

மதிய நேரத்துத் துடியலூர் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. எனக்கு முன்சீட்டில் முகக்கவசம் போட்ட பெண், பக்கத்திலிருந்த வயதான அம்மாளிடம் சொன்னார்.

“எனக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்திங்க. அதைக் கொறைக்கத்தான் மாத்திரை.”

“ஏனுங்க அம்மணி, அதைப் போயி ஆராச்சும் கொறைப்பாங்களா?”

“அது என் தோலையே எதிரின்னு நெனச்சு அடிக்குதுங்க. ஒடம்பெல்லாம் கொப்புளம். மாத்திரையில அடங்கிருச்சு. ஆனா இனி சளி, காய்ச்சல் ஒட்டுனா தாங்காது, கூட்டத்துப் பக்கமே போகாதீங்கன்னுட்டாரு டாக்டர். அதனால மாமன் மகன் கல்யாணத்துக்குப் போகலைங்க.”

“அப்புறம்?”

“கல்யாணத்துக்கே வரமுடியாத சீக்கான்னு, தாராபுரத்துல இருந்து ரெண்டு வேன் புடிச்சுப் பாக்க வந்துட்டாங்க. பெரியத்தை காய்ச்சலோடவே வந்தாங்க. அத்தனை பாசம்.”

“வாசல்லயே நிறுத்தியிருக்கோணுமுங்க.”

“எப்படீங்க? கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும்கூட வந்திருந்தாங்க.”

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம் கண்ணு நீ. உன்ற ஊடு எங்க? ஞாயித்துக்கெழமை எங்கூட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்து பாத்துட்டுப் போறேன்.”

முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“வாங்க. ஆனா சாப்பிடாமப் போகக் கூடாதுங்க.”